மல்லாட்டைத் தோல்

என் தாய்மாமன் விமானப்படையில் இருந்தார். விமானம் ஓட்டுகிறவர் அல்ல, அதன் சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறவர். எங்கள் ஊர் செஞ்சிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. லீவில் வந்திருந்தபோது வேர்க்கடலையை, எங்கள் மல்லாட்டையை, உரித்துத் தரையில் குவித்து, சில விமானங்கள் சேர்ந்தால் பிளைட், பிளைட்டுகள் சேர்ந்தால் ஸ்குவாட்ரன், அதற்கு மேல் விங், எல்லாவற்றுக்கும் மேல் கமாண்ட் என்று எனக்கு விளக்கினார்.

"நீ எங்க மாமா இருக்கற?" என்றேன். உரித்த தோலைக் காட்டினார். நான் கமாண்டைத் தின்றுவிட்டேன்.

அடுத்த வருஷம் எனக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமா கேட்ட லீவைப் பிளைட் கமாண்டரே மறுத்துவிட்டார். ஸ்குவாட்ரன் தலைவர் வரைக்கும் அது போகவேயில்லை. என்னைப் பெற்ற நைனா சும்மா இருப்பாரா? 'அப்பா கவலைக்கிடம், உடனே புறப்படு' என்று தந்தி அடித்தார். பட்டாளத்துப் பிள்ளை உள்ள வீடுகளில் எல்லோரும் செய்ததுதான். மாமா அழுத கண்ணோடு வந்து இறங்கியபோது, அவருடைய அப்பா, என் தாத்தா, பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் திரும்பிப் போன பிறகு, தந்தி மெய்தானா என்று விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். மகனைப் பற்றிச் சர்க்காரே விசாரிக்கிறது என்றதும் தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. என்னை ஓடவிட்டுக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார்.

"எனக்கின்னா சார்? கல்லு மாதிரி இருக்கறேன்!" என்று மார்பைத் தட்டினார்.

மாமாவின் பதவி உயர்வு அத்தோடு போயிற்று.

மறுவருஷம் தாத்தா நிஜமாகவே படுத்துவிட்டார். அதே தபாலாபீஸ், அதே தந்தி. இந்த முறை அது விங் வரைக்கும் ஏறியதாம். விசாரித்த பிறகுதான் லீவு என்று உத்தரவு இறங்கியதாம். அத்தனை விமானங்களை ஆட்டிவைக்கிற படைக்கு, ஒரு கிழவன் சாகிறானா என்று பார்க்கச் செஞ்சியில் ஒரு போலீஸ் சைக்கிள்தான் இருந்தது. தாத்தா வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார். பங்காளி வீட்டுப் பிள்ளை கொள்ளி வைத்தான்.

காரியம் முடியுமுன் அதே போலீஸ்காரர் வந்து சைக்கிளை நிறுத்தினார்.

"பெரியவரு எப்டிம்மா இருக்காரு?"

போலீஸ் வந்தால் கலர் தர வேண்டும் என்று நான் ஓடிப்போய் வாங்கிவந்து அவரிடம் நீட்டினேன். அம்மா அதைப் பிடுங்கி வாசலில் அடித்தாள். பிறகு என் காதுத் தோட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நானும் அழுதேன், கலர் வீணாகிவிட்டதே என்று.