பிடித்தால் மட்டும் வெடிக்கும்

புக்கிட் காத்திலுக்குப் பக்கத்தில் உள்ள துப்பாக்கி சுடும் கிளப்பில் ஆயுத அறை என் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு முன் போலீசில் ஆர்மரர் வேலை. துப்பாக்கிகளைப் பழுது பார்த்தே சார்ஜன் பதவிவரை வந்து ஓய்வு பெற்றேன். பெம்பான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்த பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை டேவிட் டாக்டர், சுடும் தளத்திலிருந்து நேராக என் கவுண்டருக்கு வந்தார். பல் டாக்டர். எழுபதை நெருங்கியும் கிளினிக்கை விடவில்லை. என் பற்களில் பாதி அவர் கைபட்டவை. குண்டுகளை எடுத்துவிட்டு, உள்ளே காலி என்று தெரிய மேல் ஸ்லைடைத் திறந்தபடியே பிஸ்டலை வைத்தார்.

“ரோசாக்லா மரியா, கெட்டுப் போச்சு. மூணு தடவை அமுக்கினேன், வெடிக்கல. சர்வீஸ் பண்ணுனியா, இல்ல எண்ணெய மட்டும் தடவி வச்சியா?”

அது கிரிப் சேஃப்டி உள்ள பிஸ்டல். கைப்பிடியின் பின்பக்கம் ஒரு லீவர் இருக்கும். உள்ளங்கை அதை முழுதாக அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். கையை விட்டு நழுவினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். அது பெரிய நிம்மதி. தொல்லை என்னவென்றால், பிடி கொஞ்சம் பிசகினாலும் வெடிக்காது. போலீசில் சின்னக் கைகள் கொண்ட ஒரு பெண் கான்ஸ்டபிள் இதனாலேயே சுடும் தேர்வில் தோற்று, என் ஸ்டோரில் வந்து அழுதாள். நிஜ ஆபத்தில் அப்படி நடந்திருந்தால் என்று நினைத்து எனக்கும் கோபம் வந்தது.

டாக்டரின் பிஸ்டலைப் பிரித்துப் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை.

“நல்லாதான் இருக்கு டாக்டர்.”

“அப்ப லீவர சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக் கட்டிடு. அடுத்த வாரம் போட்டி. யாரு பாக்கப் போறா?”

“பிடி நிக்காத கையில, கட்டி வச்ச பிஸ்டலா? நழுவினா குண்டு யார் மேல பாயும்னு தெரியுமா?”

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளங்கையில் வேர்க்குரு பவுடரைத் தூவி, காலிப் பிஸ்டலைப் பிடிக்கச் சொல்வோம். கை எங்கே படுகிறது என்று தெரிந்துவிடும். டாக்டர் பிடித்தார். கைப்பிடியெல்லாம் வெள்ளை, லீவரில் மட்டும் ஒன்றுமில்லை. அவர் கையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழிந்திருந்தது.

“எவ்வளவு நாளா?”

“ஆறு மாசமா மரத்துப் போவுது. பல்லு புடுங்குற கை மரியா, எனக்குத் தெரியாம இருக்குமா? யாராவது சொல்லட்டும்னு இருந்தேன்.”

அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லிட்டேன். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதுவரைக்கும் யார் வாயிலயும் கைய வைக்காதீங்க.”

சிரித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருந்ததாம். ஆபரேஷனுக்குப் பிறகு மரத்துப் போவது நின்றது. வலு முழுதாகத் திரும்பவில்லை. கிளினிக்கை அவரே மூடினார். சனிக்கிழமைகளில் இப்போது எங்களுக்கு மதிப்பெண் எழுதித் தருகிறார்.

கிரிப் சேஃப்டி நல்லதா என்று புதிய உறுப்பினர்கள் கேட்பார்கள். கைக்குப் பொருந்தினால் நல்லது, பொருந்தாவிட்டால் வேறு பிஸ்டல் பாருங்கள், கட்டி மட்டும் வைக்காதீர்கள் என்பேன். துப்பாக்கி வெடிக்கவில்லை என்று யாராவது வந்தால், நான் முதலில் அவர்கள் கையை வாங்கிப் பார்க்கிறேன். பார்த்து முடித்த உடனே விட்டுவிடுவதில்லை.