அனுபவம் வேண்டாம், சாதகம் கொண்டு வா

அந்த வருடம் என்னிடம் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டவர்களை வரிசையில் நிறுத்தினால் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பாமன்கடை வரைக்கும் நிற்பார்கள். ஏசி திருத்தும் படிப்பை முடித்து, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு ஏறாத படி இல்லை. வேலை தந்தால்தானே ஐயா அனுபவம் வரும்? இவர்களுக்கோ அனுபவம் இருந்தால்தான் வேலை. பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வா, பிறகு கலியாணத்தைப் பற்றி யோசிப்போம் என்று சொல்வதைப் போல.

பம்பலப்பிட்டியில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நங்கி, ஏணியில ஏறுவீங்களா?" என்று சிங்களத்தில் தங்கச்சியாக்கிக் கேட்டார். ஏறுவேன் என்றேன். "ஏறி என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். சான்றிதழால் அவர் மண்டையில் ஒன்று போடலாமா என்று இருந்தது. பிளாஸ்டிக் உறை கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு அவசரம் இருந்தது. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் சட்டமும் நீதிமன்றமும் அம்மாதான். அவர் ஒரு தவணை வைத்திருந்தார். "ஆடி முடியிறதுக்குள்ள வேலை எடுத்தியெண்டால் ரெண்டு வருஷத்துக்குக் கலியாணக் கதை எடுக்க மாட்டன். எடுக்காட்டி, ஆவணியில ஜெர்மனி மாப்பிள்ளை வருவார். நீ வாயைப் பொத்திக்கொண்டு சீலையைக் கட்டுறாய்." ஜெர்மனி மாப்பிள்ளை வீடியோவில் ஒருமுறை என்னுடன் கதைத்திருந்தார். ஏசி திருத்தப் படித்திருக்கிறேன் என்றதும், "இங்க குளிர்தானே, அது தேவைப்படாது" என்றார். அந்த ஒரு வசனத்திலேயே என் மிச்ச ஆயுள் தெரிந்துவிட்டது.

ஆடி பிறந்து பத்து நாள் கழித்து, கொட்டாஞ்சேனையில் ஓர் ஏசி திருத்தும் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி நெற்றி நிறையத் திருநீறும் கையில் ஸ்பானருமாக இருந்தார். அவர் வாயைத் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன்.

"எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் இல்லை ஐயா."

"ஆர் பிள்ளை இப்ப எக்ஸ்பீரியன்ஸ் கேட்டது? சாதகம் இருக்கோ?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. பன்னிரண்டு வருட அனுபவசாலி ஒருவரை வேலைக்கு வைத்தாராம். அந்த மனுசன் ஒரு கலியாண மண்டபத்தின் சீலிங்கை உடைத்துக்கொண்டு மணவறைக்குப் பக்கத்திலேயே விழுந்தாராம். எட்டு வருட அனுபவசாலிக்குக் கரண்ட் அடித்ததாம். பிறகு பார்த்தால் இரண்டு பேருக்கும் அட்டமத்துச் சனி. "எக்ஸ்பீரியன்ஸ் என்ன செய்யும் பிள்ளை? சனியன் எக்ஸ்பீரியன்ஸ் பார்த்தோ பிடிக்கிறான்?" அன்றிலிருந்து சாதகம் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறாராம். தானே வாசிப்பாராம். அலுமாரியில் வேலையாட்களின் பைல்கள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் சான்றிதழ் இல்லை. எல்லாம் கட்டம் போட்ட சாதகங்கள்.

மூலையில் ஒரு மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்த மாளிகாவத்தை முஸ்லிம் அண்ணர், எல்லாருக்கும் அவர் நானா, தலையை நிமிர்த்தினார். "எனக்கும் ஒண்டு எழுதி வெச்சீக்கிறார் தங்கச்சி. பொறந்த நேரத்தக் கேட்டார், நானும் சும்மா செல்லிட்டேன். குரு உச்சத்துல ஈக்காம். அது என்னெண்டு எனக்குத் தெரியா. லீவு கேட்டா மட்டும் குரு பார்க்கல எண்டு செல்றார்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சாதகம் கேட்கிற முதலாளி என்றால் நல்ல குடும்பத்து ஆள்தான் என்றார். ஜெர்மனிக்கு அனுப்பியதன் மூலப் பிரதியை, பூசிய மஞ்சளோடேயே எடுத்துத் தந்தார். என் வாழ்க்கையில் நான் கண்ட என் சாதகம் அது ஒன்றுதான். அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதலாளி கண்ணாடியை மாட்டி, விரல் மடித்து எண்ணி, பெருமூச்சு விட்டார்.

"பிள்ளை, குறை நினைக்காதேயும். உமக்கு இது சரிவராது."

"ஏன் ஐயா? சனியோ?"

"சனியெண்டால் பரவாயில்லையே. இது மெத்தையில இருக்கிற சாதகம். புருசன்ர நிழலில சீவியம். இரும்பும் நெருப்பும் உம்மட கையில ஒட்டாது. ஏணியில ஏறினீரெண்டால் ஏணியே முறியும்."

ஐயோ கடவுளே! அனுபவம் போதாது என்று தட்டிக்கழித்தார்கள், சரி. பெண் என்று தட்டிக்கழித்தார்கள், அதையும் பொறுத்தேன். அதிர்ஷ்டம் கூடிப்போய்விட்டது என்று வேலை தராமல் விட்டவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். பஸ்ஸில் வரும் வழி முழுக்க அவரைத் திட்டினேன். கண்டக்டர் என்னைக் கடந்து போகும்போது ஒதுங்கிப் போனார்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். "இரும்பு ஒட்டாதாம், நெருப்பு ஒட்டாதாம்! உங்கட சாதகத்தைக் கொண்டுபோய்க் கடலில போடுங்கோ!" அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பித் தருகிறவர், அன்று அரிசிச் சட்டியை விட்டுத் தலையை எடுக்கவில்லை. அதே அரிசியை நாலாம் தரமும் கழுவினார்.

"அது உன்ர சாதகம் இல்லை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"உனக்கு ஏழில செவ்வாய். பத்தொன்பது வயசில முதல் சம்பந்தம் அதாலதான் குழம்பினது. பிறகு ஒரு சாத்திரியாரைப் பிடிச்சு, பிறந்த நேரத்தை மாத்திப் புதுசா ஒண்டு எழுதுவிச்சனான். இருபது நிமிசம்தான் மாத்தினது." இருபது நிமிடம் என்பதை, கறிக்கு உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

உண்மையான சாதகம் அலுமாரியில் கூறைச்சீலைக்கு அடியில் இருந்தது. நான் கையை நீட்டினேன். அம்மா தரவில்லை. கொட்டாஞ்சேனையில் வாசித்தால் பத்து நாளில் கதை வெள்ளவத்தைக்கு வந்துவிடும், வெள்ளவத்தைக்கு வந்தால் அன்று பின்னேரமே ஜெர்மனிக்குப் போய்விடும் என்றார். பொய்ச் சாதகம் கொடுத்த குடும்பம் என்று சனம் காறித் துப்பும் என்றார். அவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. கத்திச் சண்டை பிடிக்க எனக்குத் தெரியும். ஆனால் அன்று எனக்கு அழுகைதான் வந்தது. "அம்மா, எனக்கு அங்க போக விருப்பமில்லை. எனக்கு இந்த வேலைதான் வேணும்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் அம்மா அலுமாரிச் சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் வெளியே போகிற சேலையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நானும் வாறன்" என்றார்.

அம்மா கூறைச்சீலைக்கு அடியிலிருந்து எடுத்து வந்த சாதகத்தை முதலாளி விரித்தார். விரல் மடித்தார். பிறகு கதிரையை விட்டு எழும்பியே விட்டார்.

"செவ்வாய் ஆட்சி! ஏழில! ஏய், எல்லாரும் இங்க வாங்கோ!" மெக்கானிக்குகள் நாலு பேரும் வந்து, ஒன்றும் விளங்காமல் என் கட்டத்தைப் பார்த்தார்கள். "செவ்வாய் ஆரெண்டு தெரியுமோ? இரும்பு, நெருப்பு, கரண்ட், ஆயுதம் எல்லாத்துக்கும் அவன்தான் அதிபதி. இந்தப் பிள்ளைக்குக் கரண்ட் கிட்டவும் வராது! புதன்கிழமை தொடங்கும். நேரம் நான் பார்த்துச் சொல்லுறன்."

வேலை கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதானே? என் குணம் விடவில்லை.

"ஐயா, என்ர சேர்டிபிகேட்டை நீங்கள் பார்க்கவே இல்லை. வேலையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கோ."

முதலாளிக்கு இது புதுப் பழக்கம். கொஞ்சம் யோசித்தார். "சரி. வீட்டுக்குள்ள ஏசியால தண்ணி ஒழுகுது. முதல்ல எதைப் பார்ப்பீர்?"

படித்தது எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தது. கம்ப்ரசர் என்றேன், காஸ் அழுத்தம் என்றேன், எக்ஸ்பான்ஷன் வால்வு என்றேன். நான் மூச்சு விட்ட இடத்தில் நானா மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, தண்ணி போற பைப்பு அடைச்சீக்கும். அதத்தான் மொதல்ல பாக்குற. நேத்து ஒண்டுக்குள்ள பல்லி செத்துக் கெடந்த."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. அந்த நேரத்தில் பம்பலப்பிட்டிக்காரர்கூட நியாயமானவராகத் தெரிந்தார்.

"அது பரவாயில்லை, பழகலாம்" என்றார் முதலாளி. "செவ்வாயைப் பழக ஏலுமோ?" சாதகத்தைப் பைலுக்குள் வைக்கப்போனவர், போன தடவை நான் கோபத்தில் விட்டுவிட்டுப் போனதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை, சத்தமாகக் கதைக்கிறவர், அவ்வளவுதான். "அப்ப முந்தித் தந்தது என்னம்மா? கலியாணத்துக்கு எழுதுவிச்சதோ?"

நாலு மெக்கானிக்குகளும் அம்மாவைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஓம்" என்றார். "அது பொய். இதுதான் என்ர பிள்ளை."

புறக்கோட்டையில் பஸ் மாறினோம். இருவருக்கும் சீட் கிடைத்தது. கொள்ளுப்பிட்டி தாண்டும் வரை அம்மா யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து ஜெர்மனி மாப்பிள்ளையின் தாயை அழைத்தார். அம்மாவுக்குப் போனில் மெதுவாகக் கதைக்க வராது. பஸ் முழுக்கக் கேட்டது.

"அக்கா, நாங்கள் தந்த சாதகம் சரியில்லை. பிள்ளைக்கு ஏழில செவ்வாய். ஓம், தெரிஞ்சுதான் மறைச்சனாங்கள், பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அந்தப் பக்கத்தில் அந்த அம்மா என்னென்ன சொன்னாரோ தெரியாது, நீண்ட நேரம் சொன்னார். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. கடைசியில் "பிள்ளை பாவம்" என்றது எனக்கும் கேட்டது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயோ, பாவம் பார்க்காதேயுங்கோ அக்கா. அந்தச் செவ்வாயாலதான் அவவுக்கு வேலை கிடைச்சது."