வலி நின்ன பொறகு

அன்றைக்கு வெள்ளகோவில் வீட்டில் இருந்தது அப்பா, அம்மா, நான், பல்லில் புழு எடுக்க வந்த ராமாத்தா, நாலு பேர்தான். இன்று ஆர்.எஸ்.புரத்துப் பல் டாக்டர் ட்ரில் வைத்ததும் எழுந்த கருகல் வாடையில் அந்த நாலு பேரும் எதிரே வந்து நின்றார்கள்.

ராமாத்தா கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, புகையைக் குழல் வழியே அப்பாவின் சொத்தைப் பல்லுக்கு விட்டாள். அவர் துப்பிய கிண்ணத்துத் தண்ணீரில் வெள்ளையாக என்னவோ நெளிந்தது. அது என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

"புழு வந்துருச்சுங்க. வலி நின்ன பொறகு அஞ்சு ரூவா குடுங்க, போதும்."

மறுநாள் அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "வலி துளிகூட இல்ல அம்மணி. கறி எடுத்துட்டு வாரட்டுமா?"

சாயங்காலம் கழுத்து வீங்கியது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. விடிவதற்குள் போய்விட்டார். கூலி வாங்க வந்த ராமாத்தா, வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

"வலி நின்னா யாரும் இந்தப் பக்கமே வரமாட்டாங்க. நீங்க ஏனுங்க வந்தீங்க?" என்றார் டாக்டர், ட்ரில்லை நிறுத்திவிட்டு.

"கிராம்பு வச்சேனுங்க. நேத்து வலி நின்னுபோச்சு. அதான் பயந்துட்டு வந்தேன்."

"நல்லவேளை வந்தீங்க. உள்ள நரம்பு செத்துருச்சு. சீழ் கீழ கழுத்துப் பக்கமா எறங்கப் பாக்குது."

அப்பாவுக்கும் வலி நின்றது நிஜம்தான். ராமாத்தாவுக்கு இன்னும் பாக்கி ஐந்து ரூபாய்.