ஸ்கேலுக்கு அடியில் ஒரு வரி

அரையடி மர ஸ்கேலை எடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நடுவே ஒரு வரியை மூடிவிட்டுத்தான் டார்லின் மீதியைப் படிக்கிறார். மூடும் வரி எல்லாத் தாளிலும் ஒன்றே: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து.’ அதை மறைத்துவிட்டால் மிஞ்சுவது வெளிச்சமில்லாத வளைவு, குறுக்கே வந்த மாடு, கொட்டிக் கிடந்த ஜல்லி. சில தாள்களில் எதுவுமே மிஞ்சுவதில்லை.

பாளையங்கோட்டையில், விபத்துக் கணக்கைத் தொகுக்கும் ஓர் அலுவலகத்தில் அவர் புள்ளியியல் உதவியாளர். வயது நாற்பத்தெட்டு. ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு காரண எண்ணைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒன்று என்றால் அதிவேகம். ஏழு என்றால் சாலைக் குறைபாடு. அதற்குச் சாலைப் பொறியாளரின் சான்று வேண்டும். சான்று கேட்டு டார்லின் எழுதிய எதற்கும் பதில் வந்ததில்லை. அவர் விசைப்பலகையில் ஒன்றாம் எண் விசை தேய்ந்து அழிந்துவிட்டது. ஏழு புத்தம் புதிதாக இருக்கிறது.

ஸ்கேல் பழக்கம் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. “அதுக்கு முந்தி வரியப் பாப்பேன், ஒண்ண அமுக்குவேன். கை அது பாட்டுக்குப் போவும்” என்கிறார். ஒருநாள், டயர் வெடித்துச் சாலையோரம் நின்ற டிராக்டர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்ததாக ஓர் அறிக்கை வந்தது. அதை எழுதிய போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் நெல்லையப்பனைத் தொலைபேசியில் பிடித்தார்.

“அண்ணாச்சி, நின்ன டிராக்டர் எப்படி வேகமா வந்துச்சு?”

“எம்மா, அந்த வரி இல்லன்னா கோர்ட்டுல கேஸு நிக்காதும்மா. எனக்கு முந்தி இருந்தவரும் அதத்தான் எழுதுனாரு. நானும் எழுதுதேன்.”

“கேஸு நிக்கட்டும். டிராக்டரும் நின்னுட்டுத்தான இருந்துச்சு?”

நெல்லையப்பன் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. டார்லின் சிரிக்கவில்லை. அன்றே பழைய கட்டுகளைப் பிரித்தார்.

அவர் அலுவலகம் வரும் வழியில் ஒரு கால்வாய்ப் பாலம் உண்டு. வளைவில் ஏறும் பாலம்; ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் இடிந்து வருடக்கணக்காகிறது. அங்கே இறந்தவர்கள் ஒன்பது பேர். வரியை மூடிப் படித்தபோது ஒன்பது தாளிலும் மிஞ்சியது அந்த இல்லாத சுவர்தான். ஒன்பதுக்கும் ஒன்று போட்டது அவர் கை.

சுவரைக் கட்டச் சொல்லிச் சாலைப் பொறியாளருக்குக் குறிப்பு அனுப்பினார். அதற்கு மட்டும் மூன்று மாதத்தில் பதில் வந்தது. ‘தங்கள் அலுவலகப் புள்ளிவிவரத்தின்படியே ஒன்பது விபத்துகளுக்கும் அதிவேகமே காரணம். எனவே சாலையில் குறைபாடு ஏதுமில்லை.’ கூடவே பாலத்தில் ஒரு பலகை நட்டார்கள்: ‘மெதுவாகச் செல்லவும்.’

பழைய எண்களைத் திருத்தலாமா என்று மேலதிகாரி நடராஜிடம் கேட்டார்.

“முடிஞ்ச வருசத்தப் பூட்டியாச்சும்மா. நம்பர மாத்துனா செத்தவங்க எந்திச்சா வரப் போறாங்க?”

“வர மாட்டாவ சார். இன்னும் சாவாதவங்களுக்காகக் கேக்கேன்.”

நடராஜ் அடுத்த கோப்பைத் திறந்தார்.

அதிலிருந்து டார்லின் பாலம் வந்ததும் ஸ்கூட்டரை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்கிறார். “பெட்ரோல் தீந்துட்டா, அக்கா?” என்று யாராவது வண்டியை நிறுத்துவார்கள். பின்னால் வரும் மகள் ஜெசிக்கு மானம் போகும். “எம்மா, ஆடு நம்மள முந்திட்டுப் போவுது பாரு.” வருடக் கடைசியில், ‘விபத்துகளில் முக்கால்வாசிக்கு அதிவேகமே காரணம்’ என்று பேப்பரில் வரும்போது அவளே உரக்க வாசிப்பாள்: “ஆளுக என்னமா பறக்குதாங்க பாத்தியா?”

“அது வேகம் இல்லட்டி. நெல்லையப்பன் அண்ணாச்சி கையெழுத்து.”

பாலத்தில் அவரோடு தள்ளிக்கொண்டு நடந்த இன்னொருவர் முகம்மது இப்ராஹிம். சைக்கிளின் பின்னால் பிளாஸ்டிக் குடங்களை ஆளுயரம் கட்டித் தெருத் தெருவாக விற்றவர். “ஏறி மிதிச்சா குடம் பூராவும் வாய்க்கால்ல போயிரும் தாயி. இது மேல நான் உக்காந்து பல வருசம் ஆச்சு. சைக்கிளுதான் எம்மேல ஏறி வருது” என்பார்.

போன மாதக் கடைசி நாள், மாலை நான்கு மணிக்குக் கட்டின் அடியில் அவருடைய தாள் இருந்தது. முகம்மது இப்ராஹிம், வயது 63. சைக்கிளை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிச் சென்று, கால்வாய்ப் பாலத்தில் நிலைதடுமாறி விழுந்து, சம்பவ இடத்திலேயே.

டார்லின் ஸ்கேலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

“அண்ணாச்சி, அவரு சைக்கிள்ல ஏறவே மாட்டாரு.”

“தெரியும்மா. எங்க வீட்டுக் குடமும் அவருகிட்ட வாங்குனதுதான்.”

“பெறவு ஏன் இப்படி எழுதுனிய?”

நெல்லையப்பன் இம்முறை சிரிக்கவில்லை. “வேற மாதிரி எழுத எனக்குத் தெரியாதும்மா.”

டார்லின் ஏழாம் எண் விசையை அழுத்தினார். திரை சான்றைக் கேட்டது. காலியாக விட்டுப் பார்த்தார்; பதிவாகவில்லை. ஐந்து மணிக்குள் மாதக் கணக்கு போயாக வேண்டும். உள்ளறையிலிருந்து நடராஜ் குரல் கொடுத்தார்.

“எத்தனம்மா பாக்கி?”

“ஒண்ணுதான் சார்.”

ஸ்கேலை அந்த வரியிலிருந்து பைய மேலே நகர்த்தி, பெயரின் மீது வைத்து மூடினார். பிறகு, தேய்ந்த விசையை அழுத்தினார்.