நாற்பத்தோரு 'இல்லை'

உள்ளறையில் இரும்புப் பெட்டியின் மூடி கிறீச்சிட்டது. முன்னறை நாற்காலியில் சாய்ந்திருந்த ஸ்டானிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு வருஷ உழைப்பு அந்தப் பெட்டியை விட்டு வெளியே வருகிறது. எழுந்து போய் அதைக் கையில் வாங்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. மனைவி சாந்தமேரிதான் பன்னிரண்டு நோட்டுகளையும் மார்போடு அணைத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

மேசைக்கு எதிரே கிரிகரி உட்கார்ந்திருந்தார். நில அளவைக் காரியாலயத்தில் வரைபடம் எழுதுகிறவர்; ஞாயிறு பூசையில் பழக்கமானவர். மேல்நாட்டு வானாராய்ச்சி நிலையம் ஒன்று பழைய சூரியக் குறிப்புகளைத் தேடுகிறது என்று தகவல் கொண்டுவந்தவரும் அவரே. மூன்று மணி ரயிலில் நோட்டுகளைப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு எடுத்துப்போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். தமிழில் எழுதியிருப்பதற்கெல்லாம் இங்கிலீஷில் பொருள் எழுதி வைப்பதும் அவர் பொறுப்பு.

இதைத் தவறவிட்டால் வேறு வழியில்லை. ஆள்குறைப்பில் வேலை போன ஸ்டானிஸ்லாஸ், மாதக் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். கிள்ளானில் மைத்துனன் ஒதுக்கித் தரும் மூலையில் இரண்டு ஆள் படுப்பதே கஷ்டம். நோட்டுகள் கப்பலேறாவிட்டால் அடுப்பேறும்.

எல்லாம் இருபத்தொன்றாம் வருஷம் மே மாதம் ஆரம்பித்தது. அவர் அப்போது ரயில்வேயில் தந்தி குமாஸ்தா. ஒரு காலையில், எந்த ஸ்டேஷனும் செய்தி அனுப்பாமலே தந்திக் கருவியின் முள் தானாக ஆடியது. சூரியன் ஒரு பெரிய காந்தம், அதன் முகத்தில் கரும்புள்ளிகள் பெருத்தால் பூமியில் முள் ஆடும் என்று வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். கேட்ட மற்றவர்கள் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். இவரால் முடியவில்லை. ஏலத்தில் ஒரு பித்தளைத் தூரதிருஷ்டிக் கண்ணாடி வாங்கினார். தினமும் காலையில் அதன் வழியாகச் சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்துப் புள்ளிகளைப் பென்சிலால் குறித்தார். காந்தத்தின் இரண்டு முனைகளைப் போல அவை பெரும்பாலும் ஜோடி ஜோடியாகவே வந்தன. கூட வேலை செய்தவர்கள் அவருக்குச் 'சூரிய மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் சாந்தமேரிக்கு அந்தப் பெயர் வேடிக்கையாகப் படவில்லை.

சூரியனில் புள்ளியே காணாத நாளில் 'இல்லை' என்று எழுதுவார். மேகம் மூடிய நாளில் 'பார்க்கவில்லை' என்று எழுதுவார். இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அந்த வேலையின் மானம் முழுவதும் இருந்தது.

நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்த கிரிகரியின் விரல் ஏழாவது நோட்டின் கடைசிப் பக்கங்களில் நின்றது. இருபத்தெட்டாம் வருஷம்.

"என்னண்ணே, இந்த வருஷம் சூரியன் முகம் கழுவிக்கிட்டு வந்துச்சா?"

சிரித்துக்கொண்டே கேட்டவர் மேலும் இரண்டு பக்கம் புரட்டியதும் சிரிப்பை நிறுத்தினார். முன் பக்கத்தில் பத்துப் புள்ளி, பன்னிரண்டு புள்ளி. அதற்குப் பிறகு நாற்பத்தோரு நாள் வரிசையாக 'இல்லை'. அது சூரியனில் புள்ளிகள் உச்சத்தில் இருந்த வருஷம். இதைப் பார்த்தால் மற்றப் பதினொரு நோட்டையும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

ஸ்டானிஸ்லாஸ் நோட்டை வாங்கி, மங்கிப்போன கண்களுக்கு அருகில் கொண்டுபோனார். அது அவர் கையெழுத்து அல்ல. அந்த நாற்பத்தோரு நாளும் அவர் மலேரியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தபோது, வெறும் தாளாகக் கிடக்கும் நாட்களைப் பார்க்க மனம் வராமல், அந்த நோட்டைத் திறக்காமலே கட்டிப் பெட்டியில் போட்டுப் புதிது ஆரம்பித்தவர்.

"மேரி, நீ பாத்தியா?"

"எனக்கு எங்கங்க பாக்கத் தெரியும்? ஒருநாள்கூட விடக்கூடாதுனு வண்டி ஏறும்போது சொன்னீங்க. அதான் எழுதினேன்."

"இல்லைனா என்னனு எழுதின?"

சாந்தமேரி முந்தானையை விரலில் சுற்றினாள்.

"நீங்க வீட்ல இல்லைனு."

ஸ்டானிஸ்லாஸ் ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தினார். பதினெட்டாம் நாளில் பென்சில் தாளைக் கிழித்திருந்தது. அவர் பிழைக்கமாட்டார் என்று கோயில் சாமியார் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்த நாள் அது. அன்று எழுத்து பாதியில் நின்று, கீழே தண்ணீர் பட்டு உலர்ந்த கறை இருந்தது. எத்தனையோ ஆயிரம் புள்ளிகளை எண்ணிய கண்ணுக்கு, இந்த ஒரு கறை ஐந்து வருஷமாகத் தெரியவில்லை.

கிரிகரி கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு தாளைக் கிழிச்சிடலாம்ணே. யாருக்குத் தெரியப்போவுது?"

"முதல் தாளுக்கு முன்பக்கத்துல நான் பாத்த நாலு நாள் இருக்கு. அதுவும் போயிடும்." ஸ்டானிஸ்லாஸின் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "பாக்காததைப் பாக்கலைனு சொல்லிட்டே போவோம், தம்பி."

வேறு கை பட்ட நோட்டென்று மொத்தக் கட்டையும் ஒதுக்கிவைத்தாலும் வைப்பார்கள், தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் கிரிகரி. வைக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஸ்டானிஸ்லாஸ் பேனாவை எடுத்தார்.

மனைவியின் எழுத்தை அவர் அடிக்கவில்லை. ஒவ்வொரு 'இல்லை'க்குப் பக்கத்திலும் மையால் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். இருபதாவது வரியில் கண் வரி தவறியது. சாந்தமேரி வந்து நோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்தடுத்த வரியை விரலால் காட்டினாள். நாற்பத்தொன்றும் முடிந்தபின், குறிப்பவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் இவை என்று கிரிகரி அடியில் இங்கிலீஷில் எழுதினார்.

"அக்கா எழுதின 'இல்லை'க்கு என்னண்ணே பொருள் எழுத?"

ஸ்டானிஸ்லாஸ் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுக்கு எழுத வேணாம்."

கிரிகரி நோட்டுகளைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு, "வரேண்ணே, வரேங்க்கா" என்று இறங்கினார். ஸ்டானிஸ்லாஸால் எழுந்திருக்க முடியவில்லை. சாந்தமேரி வாசல்வரை போனாள். அந்தக் கட்டு தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.