அம்மப்பா பெயரில் வந்த தந்தி

சென்ற மாதம் ஒரு நாள் முழுக்க என் மகனின் போன் எடுபடவில்லை. அவன் கட்டாரில் வேலை செய்கிறான். மறுநாள் யாரோ ஒருவருடைய போனிலிருந்து எடுத்து, தன்னுடையது தண்ணீருக்குள் விழுந்துவிட்டது என்றான், குடை தொலைந்ததைச் சொல்வதுபோல. நான் ஏசவில்லை. ஏச வாய் வரவில்லை. அந்த ஒரு நாளும் அவனுடைய பாஸ்போர்ட் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் முன்னால் நிற்கும் தகப்பன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு அது விளங்கவில்லை.

"என்ர பேரில என்ன பிழை?" என்று கேட்டார்.

பிழை ஒன்றும் இல்லை. நாங்கள் தகப்பன் பெயரை முன்னாலும் எங்கள் பெயரைப் பின்னாலும் எழுதுகிறவர்கள். ஊரில் அந்த முன்பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி, ஒரு புள்ளியோடு அடங்கி நிற்கும். கடல் கடந்தால் அது முழுதாக விரிந்து ஆளையே மறைத்துவிடுகிறது.

என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, சவூதிக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. அங்கே அவரை எல்லோரும் முதலில் நின்ற பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். அதாவது அவருடைய தகப்பனின், என் அம்மப்பாவின், பெயரை. அந்தக் காலத்தில் கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டவர்கள் கசெற்றில் பேசி அனுப்புவார்கள். மாமாவின் முதல் கசெற்றை வீடே கூடியிருந்து கேட்டது.

"அப்பா, இஞ்ச விடிஞ்சதிலயிருந்து பொழுதுபடுமட்டும் உங்களைத்தான் ஏசுகினம். கல்லுத் தூக்கிறதும் நீங்கள்தான், பிந்தி வாறதும் நீங்கள்தான். நான் சும்மா நிக்கிறன்" என்றது மாமாவின் குரல்.

அம்மப்பா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். மூதூருக்குப் பயணிகளை ஏற்றும் லோஞ்ச் படகில் டிக்கற் கிழித்து ஓய்வு பெற்றவர் அவர். வயதுபோன காலத்தில் தனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருப்பதாக இறங்குதுறையில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வருஷம் தந்தி வந்தது. தந்திக்காரர் படலையில் நின்று அம்மப்பாவின் பெயரைக் கூப்பிட, அவரே போய்க் கையெழுத்து வைத்து வாங்கினார். ஆங்கிலத்தில் இருந்தபடியால் அப்பாவிடம் நீட்டினார். அப்பா துறைமுகத்தில் கிளார்க். வாசித்துவிட்டு, இருந்ததை இருந்தபடியே சொன்னார். அம்மப்பாவின் பெயருள்ள தொழிலாளி வேலைத்தளத்தில் விழுந்து இறந்துவிட்டார், உறவினர் உடனே தொடர்புகொள்ளவும்.

அம்மப்பா தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "நான் இஞ்ச நிக்கிறனே" என்றார்.

குசினியிலிருந்து வந்த அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். முதலில் விளங்கிக்கொண்டவர் அவர்தான்.

எனக்கு விளங்கியது வேறு. பிள்ளைக்குத் தெரியவேண்டாம் என்று மாமாவைப் பற்றிய கதையை எல்லோரும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஆகவே நான் தந்தியை அப்படியே நம்பினேன். எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ அம்மப்பா செத்துப்போனதாகப் பிழையாக எழுதிவிட்டார்கள். அதைச் சீக்கிரம் திருத்தாவிட்டால் அது உண்மையாகிவிடும். பள்ளிக்கூட இடாப்பில் பெயர் வெட்டப்பட்ட பிள்ளைகள் பிறகு வராமலே போனதை நான் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து அம்மப்பா பகலில் கண்ணயர்ந்தால் அவருடைய மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன்.

அப்பா கொழும்புக்குப் போய் வந்தார். வீதியில் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, முகம் கறுத்து வந்தார். அவர் கொண்டுவந்த செய்தி நான் பின்னாளில் அறிந்தது. மாமா அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் குளிர் அறையில், தகப்பனின் பெயரோடு கிடந்தார். அந்தப் பெயர் தன்னுடையது, தான் உயிரோடு இருக்கிறேன், இறந்தது தன் மகன் என்று அம்மப்பா ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கவேண்டும். கலியாணம் முடிக்காத ஆளென்பதால் வேறு எவரும் கொடுக்க ஏலாது. பிந்தினால் அங்கேயே மணலுக்குள் தாட்டுவிடுவார்கள்.

அம்மப்பா மாட்டேன் என்றார்.

"மாமா, நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் போதும்" என்று அப்பா தன் மாமனாரிடம் கெஞ்சினார்.

"அவையள்ட கடதாசியில செத்தது ஆர்?"

"பேருக்கு நீங்கள்தான். ஆனா…"

"அப்ப நான் செத்ததாயே இருக்கட்டும். சரியாய்த்தானே எழுதியிருக்கிறாங்கள். அதை ஏன் திருத்திறியள்?"

அம்மப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. சவரம் செய்யவில்லை. இறங்குதுறைக்குப் போகவில்லை. ஊர் அதிகாரியான விதானை வந்து கதைத்தார், கோயில் ஐயர் வந்து கதைத்தார். வந்தவர்களிடம் எல்லாம், செத்தவனோடு என்ன கதை என்று ஒரே பதில்தான். வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கோ அழுகை அழுகையாக வந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க ஒரு மனிதனுக்கு என்ன கஷ்டம்?

ஒரு நாள் காலையில் அம்மா தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டைக் கொண்டுபோய் அவருடைய மடியில் வைத்தார்.

"அப்பா, தம்பி அங்க பேரில்லாமல் கிடக்கிறான். பிறந்த முப்பத்தோராம் நாள் அவனை மடியில வைச்சுக் காதுக்குள்ள பேர் சொன்னது நீங்கள்தானே. இன்னொருக்காச் சொல்லிவிடுங்கோ. அப்பதான் அவன் வீட்ட வருவான்."

அம்மப்பா சேட்டை விரித்துப் பார்த்தார். தெறிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு, "பிள்ளையும் வரட்டும்" என்று என்னைக் காட்டினார்.

சத்தியக்கடதாசிக்கு ஒப்பம் வைக்கும் சமாதான நீதவான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வீடு டச்சு வளைகுடாவுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்தது. அப்பா எழுதிக் கொண்டுவந்ததை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார். மேற்படி பெயர் என்னுடையது என்றும், நான் உயிரோடு இருக்கிறேன் என்றும். எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு அவர் குரலைத் தாழ்த்திவிட்டார். ஜன்னலுக்கு வெளியே, எங்கள் ஊர் வீதிகளில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று சீமெந்துப் பையொன்றைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

"மகன்ர பேரை நீங்களே சொல்லவேணும் அண்ணை" என்றார் நீதவான்.

அம்மப்பா மாமாவின் பெயரைச் சொன்னார். காது கேளாத ஒருவருக்குச் சொல்வதுபோல மெதுவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னார். மாமாவுக்கும் தகவல் அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு கையெழுத்து வைத்தார்.

"அப்ப அம்மப்பா இனிச் சாகமாட்டாரா?" என்று கேட்டேன்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். அப்பா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மப்பாதான் பதில் சொன்னார்.

"இல்லையம்மா. எழுதிக் குடுத்திட்டன்."

அந்தக் கடதாசி போன பிறகுதான் மாமாவை அனுப்பினார்கள். விமான நிலையத்திலிருந்து வந்த பெட்டியின் மேல் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது என்று அம்மா பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு அது நினைவில் இல்லை. என்னை அன்று பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நினைவில் இருப்பது, கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்த பகல். அப்பா கடதாசியோடு கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகப் பக்கம், போய்விட, நானும் அம்மப்பாவும் இறங்குதுறை வழியாக வந்தோம். மூதூர் லோஞ்ச் அப்போதுதான் வந்து கட்டியிருந்தது. அம்மப்பாவோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். நான் அவருடைய கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன். டிக்கற் கொடுப்பவரிடம் சொன்னேன், கயிறு சுற்றிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன், தேத்தண்ணிக் கடைக்காரரிடம் சொன்னேன்.

"அம்மப்பா உயிரோடதான் இருக்கிறார். கையெழுத்து வைச்சாச்சு."

இருந்தவர்கள் எழும்பினார்கள். ஒருவர் தலைப்பாகையைக் கழற்றினார். இவ்வளவு நல்ல செய்திக்கு ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் உரத்துச் சொன்னேன்.

அம்மப்பா என்னைத் தடுக்கவில்லை. வெள்ளைச் சேட்டோடு பின்னால் வந்துகொண்டிருந்தவர், என்னைத் தாண்டித் தன்னைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் தலையாட்டி, "ஓம்" என்றார்.