நல்ல காற்றுள்ள ஊர்

"சென்னைப் புகை பாப்பாவுக்கு ஆகாது, கிராமத்துக் காற்றுதான் மருந்து" என்று என் கணவர் கண்டுபிடித்த ஊர் ரெட்டிபாளையம். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகின்றன. டீக்கடையில் கிளாஸைத் தட்டால் மூடியே தருகிறார்கள். அந்தப் புழுதியில் மகளுக்கு இழுப்பு ஆரம்பிக்கிறது. நான் பைக்குள் இன்ஹேலரைத் துழாவுகிறேன்.

கடைக்கார அக்கா பதறவேயில்லை. பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து அதே மாதிரி நீல இன்ஹேலர் ஒன்றை எடுத்து நீட்டுகிறார். "இத அடிங்க. எம்மவனுக்குன்னு கடையிலயும் ஒண்ணு வச்சிருக்கோம்."

மகளுக்கு மூச்சு சீராகிறது. "பையன் எங்கே?" என்கிறேன்.

"லீவு விட்டாச்சுல்லங்க, அவன் அத்தை வூட்டுக்கு அனுப்பிட்டேன். அங்கன்னா நல்ல காத்து."

"எந்த ஊர்?"

"சென்னைங்க."

என் கணவர் மிகுந்த அக்கறையோடு லாரிகளை எண்ணத் தொடங்குகிறார்.